வேங்கிக்கால் ஏரியும் நாலு கால்பட்டைகளும்

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பட்டுப்புடவையும் பரிசுப்பொருளும் எடுத்துப்போவார்கள். நான் அவற்றோடு ஒன்பதடி நீளப் பலகை ஒன்றையும் எடுத்துப்போனேன். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த அம்மா, நான் டாக்சியில் ஏறும்வரை "உனக்கென்ன பைத்தியமா?" என்று கட்டிலில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தம்பி மகள் சுமதிக்குக் கல்யாணம். சிங்கப்பூரிலிருந்து எங்கள் வீட்டு ஆள் ஒருவராவது போயாக வேண்டும். அந்த ஒருவர் நான் என்று முடிவானது.

பலகை எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது பாய் கட்டி ஓட்டுகிற பலகை. மேலே ஏறி நின்று பாயைக் கையில் பிடித்தால் காற்று இழுத்துக்கொண்டு போகும். பதினைந்து வருடமாக நான் செய்துவருவது அது ஒன்றுதான். கல்யாணம் முடிந்து ஊர் திரும்பிய ஆறாம் நாள் வெளிநாட்டில் ஒரு பெரிய போட்டி. எங்கள் அணியில் பெண்களுக்கு ஒரே இடம். அது என் இடம்.

ஆனால் போட்டி நடக்கும் கடற்கழி முழுக்கப் பாசி. பலகையின் அடியில், வால் பக்கம், ஃபின் என்று ஒன்று நிற்கும். பலகை பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்வது அதுதான். வழக்கமான நீள ஃபின் நேராக நிற்பதால் பாசியெல்லாம் அதில் சுருட்டிக்கொள்ளும். அதற்காகப் பின்பக்கம் சாய்ந்த குட்டை ஃபின் ஒன்று உண்டு. பாசி அதன் மேல் வழுக்கிப் போய்விடும். பிரச்சினை என்னவென்றால், அந்தக் குட்டை ஃபின்னைப் போட்டால் பாசியோடு சேர்ந்து நானும் வழுக்கிப் போனேன். வேகம் பிடித்ததும் வால் பக்கவாட்டில் ஓடிவிடும், நான் தண்ணீரில் கிடப்பேன்.

"சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எனக்குப் போன் பண்ணு. முடியும் என்றால் நீ போ. முடியாது என்றால் பே லிங் போகட்டும்" என்று கோச் சொல்லிவிட்டார். எனக்கு முப்பத்து நாலு வயது. பே லிங்குக்குப் பத்தொன்பது. தங்கமான பெண். அந்த வாரம் முழுவதும் அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

மாமா போனில் பேசியபோது, "ஏரி ரொம்பிக் கெடக்குதும்மா, பாசி வேற ஜாஸ்தி" என்று அலுத்துக்கொண்டிருந்தார். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் அவர் புதுவீடு கட்டியிருந்தார். ஏரி அங்கிருந்து நடக்கிற தூரம். எனக்கு அது போதும். கரைக்குக் கரை பத்துத் தடவை, ஒரு தடவைகூட வால் வழுக்காமல் ஓட்டிவிட்டால் கோச்சிடம் முடியும் என்று சொல்வது, இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இடத்தை விட்டுக்கொடுப்பது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து வாடகை வேனில் நானும் டிரைவருமாகக் கிளம்பினோம். பலகையை வெள்ளைத் துணிப்பைக்குள் போட்டு, வேன் கூரையில் மூன்று இடத்தில் கயிறு கட்டியிருந்தார் டிரைவர். செஞ்சி தாண்டி டீக்கடை ஒன்றில் நிறுத்தினோம். பெஞ்சில் இருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பெரியவருங்களா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. டிரைவருக்குப் புரிந்துவிட்டது. "யோவ், அது பொணம் இல்லய்யா. போட்டு. தண்ணில வுட்டு ஓட்றது" என்றார். துண்டுக்காரர் பையை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. வடை சூடாக இருந்தது. இரண்டு தின்றேன்.

வேங்கிக்காலில் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, வீடு மினுமினுவென்று இருந்தது. அந்த வாசலில் என் வேன் போய் நின்றது. பந்தலுக்குள் பேச்சு நின்றுவிட்டது. பச்சையம்மாள் அத்தை, அதாவது மாமாவின் மனைவி, ஆரத்தித் தட்டோடு வந்தவர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கூரையைப் பார்த்தார். அந்தத் தெருவுக்கே ஜாக்கெட் தைப்பவர் அவர். எதையும் அளந்துதான் பேசுவார். "வா கண்ணு" என்று மட்டும் சொல்லி எனக்கு ஆரத்தி எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வேனுக்கும் தட்டை ஒரு சுற்றுச் சுற்றினார்.

செவ்வாய்க்கிழமை ஏரிக்குப் போனேன். நீச்சலுடையில் கிளம்பியவளை அத்தை வாசலில் மறித்து, சுமதியின் சுடிதார் பேண்டை மேலே போட வைத்தார். சிங்கப்பூரில் கடற்கரையில் நான் இருப்பது யார் கண்ணிலும் படாது. இங்கே நான் பாய்மரத்தை நிமிர்த்துவதற்குள் கரை முழுக்க ஆட்கள். ஏரியில் மீன்பிடிக் குத்தகை எடுத்திருந்த ஏழுமலை என்பவர் லாரி டியூப்பின் மேல் உட்கார்ந்தபடியே மிதந்து வந்தார்.

"மோட்டாரு இல்லாம போவுமாம்மா?"

"காத்துல போவும்ங்க."

"காத்து நின்னா?"

"நானும் நின்னுடுவேன்."

"அப்ப நாந்தான் வந்து இழுத்தாரணும்" என்றார். வலை கட்டியிருக்கும் பக்கத்தைக் கை நீட்டிக் காட்டி, அந்தப் பக்கம் வந்தால் நல்லா இருக்காது என்றும் சொன்னார்.

வடகிழக்குக் காற்று தடையில்லாமல் வந்தது. நூறு அடி போனதும் பலகை தண்ணீரைவிட்டு எழும்பி ஓடத் தொடங்கியது. கரையில் ஒரே கூச்சல். நான் கால்களைப் பட்டைக்குள் நுழைத்தேன். கால்பட்டை என்பது பலகையின் மேல் திருகாணி போட்டு இறுக்கியிருக்கும் வார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. வேகத்தில் பலகையைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போகாமல் காலைப் பிடித்துக்கொள்ளும். பின்காலை அழுத்தினேன். வால் வழுக்கியது. விழுந்தேன். எழுந்து ஓட்டினேன். விழுந்தேன். ஆறாவது தடவை பாயில் பாசி சுற்றிக்கொள்ள, சொன்னபடியே ஏழுமலை டியூப்பில் வந்து கயிறு போட்டு இழுத்தார். ஒரு தேசத்தின் அணியில் இருக்கிறவளை லாரி டியூப் கட்டி இழுத்துவந்த காட்சியை வேங்கிக்கால் மொத்தமும் பார்த்தது.

மத்தியானம் மொச்சைக்கொட்டைக் குழம்பும் சோறும். தை மாசத்து மொச்சையின் ருசிக்கு எங்கள் ஊர் பேரங்காடியில் விற்கிற உறைந்த கொட்டை கிட்ட வராது. கோபத்தில் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை பாய்மரத்தின் அடியை ஒரு விரல்கடை முன்னால் நகர்த்திப் பார்த்தேன். பின்னால் நகர்த்திப் பார்த்தேன். கைப்பிடிக் கழியை ஏற்றினேன், இறக்கினேன். சின்னப் பாய்க்கு மாறினேன். காலையிலிருந்து மூன்று மணிவரை போராடியதில் வழுக்காமல் கரை தொட்டது மூன்றே தடவை. கால்பட்டையில் மட்டும் கைவைக்கவில்லை. பலகையில் அவற்றைப் பூட்ட நிறையத் துளைகள் உண்டு. இரு ஓரங்களிலும், வாலுக்கு நெருக்கமாக, கோச் தன் கையாலேயே பூட்டி, சிவப்பு மையால் குறி வைத்திருந்தார். நான் ஜெயித்த போட்டிகளெல்லாம் அந்த இடத்தில் கால்வைத்து ஜெயித்தவை. அதை மாற்றலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"பின்னங்கால ரொம்ப ஒதைக்கிறியேம்மா" என்றார் ஏழுமலை. அவர் என்ன கண்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காற்று இல்லை. ஓர் இலை அசையவில்லை. அத்தையோடு தேரடித் தெருவில் வளையல் வாங்கிவிட்டு, ஆட்டோவில் செங்கம் ரோடு போனோம். ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் கூடுகிற காபிக்கடை ஒன்று. என்னையும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்று எண்ணி, கடைக்காரர் சர்க்கரை இல்லாமல் இஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரி தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மூன்று வாரமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். என் வாழ்க்கையில் உருப்படியாக நான் செய்தது இதுதான்." எனக்கு மிச்சம் இருந்தது இரண்டே நாள். என்னால் அந்த நாற்காலியில்கூட உட்கார முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் வேறு பஞ்சாயத்து. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த ஓர் அம்மாள் கூடத்தின் ஓரத்தில் கிடந்த பையைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, கல்யாண வூட்ல பாடையில படுக்க வச்ச மாதிரி ஒண்ணு கெடக்குது?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். சுமதியின் முகம் சுண்டிவிட்டது. மாமா, பலகையை மொட்டைமாடியில் போட்டுவிடலாம் என்றார். அத்தை குறுக்கே வந்து நின்றார்.

"எங்கியும் போட வேணாம். புது வண்டி வந்தா பூஜை போடுறோமில்ல? இதுக்கும் போட்டுட்டா முடிஞ்சுது. அப்பால எவ பேசுறான்னு பாக்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலில் பத்திரிகை வைத்து அர்ச்சனை செய்ய மாமா என்னை அழைத்துப்போனார். திரும்பி வரும்போது பத்து மணி. பூஜை முடிந்திருந்தது. வாசலில் பூசணிக்காய் உடைத்துச் சிதறிக் கிடந்தது. பலகை மறுபடியும் பைக்குள் போய், ஜிப் போட்டு, மேலே மஞ்சள் துண்டும் மல்லிகைச் சரமுமாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டு அம்மாளுக்கு அத்தை முதல் ஆளாகப் பிரசாதம் கொடுத்தார். அவரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். அன்றைக்கும் காற்று இல்லை. நான் பையைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் காற்று எழும்பியது. ஐந்து மணிக்குப் பெண் அழைப்பு. கடைசி வாய்ப்பு. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ள நான் நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக அத்தையும் கூடவே காவலுக்கு வந்தார். ஏரிக்கரையில் பையைத் திறந்தேன். பலகை முழுக்க விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் நாலு கால்பட்டைகளும் அவற்றின் இடத்தில் இல்லை. சிவப்புக் குறிகளை விட்டு உள்ளே தள்ளி, பலகையின் நடுவாக்கில், முன்பக்கத் துளைகளில் இருந்தன.

"அத்தை, இதுல யார் கை வச்சது?"

"நாந்தான் கண்ணு. கால நொழைக்கிறது, செருப்பு மாதிரிதானே? சாமி கும்புடறப்ப செருப்பு கெடக்கலாமா? கழட்டி அப்பால வச்சிட்டு, பூஜை முடிஞ்சதும் திரும்பப் போட்டுட்டேன்."

"இங்க இல்ல அத்தை, ஓரத்துல இருந்தது!"

"பாத்தேன். வுழறா மாதிரி ஓரத்துல தொங்கிட்டு இருந்துச்சு. உள்ள தள்ளி நல்லா ஒழுங்கா வச்சேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கழற்றப் பார்த்தேன். திருகாணி அசையவில்லை. தையல் மிஷினைப் பிரிக்கிற தட்டையான ஸ்க்ரூடிரைவரை என் கூட்டல்குறித் திருகாணிகளில் சொருகி, அத்தை தன் பலமெல்லாம் கொடுத்து முறுக்கியிருந்தார். தலைகள் மழுங்கிப்போயிருந்தன. என் கருவி உள்ளே வெறுமனே சுற்றியது. ரோட்டோரத்து மெக்கானிக் கடையில் பூட்டு. அவர் எங்கள் பந்தலில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எதுக்கு அத்தை இந்த வேலை?" என்று கத்திவிட்டேன். கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானையால் என் முகத்தைத் துடைக்க வந்த அத்தை, கையைத் திரும்ப இழுத்துக்கொண்டார். அது எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

காற்று போய்க்கொண்டிருந்தது. இருந்தபடியே ஓட்டுவது என்று முடிவு செய்தேன். தோற்பது என்றாலும் தண்ணீரில் தோற்பது.

முதல் தடவை. பலகை எழும்பியது. கால்கள் வழக்கமான இடத்தைத் தேடிவிட்டு, நடுவில் இருந்த பட்டைக்குள் நுழைந்தன. குறுகலாக, கூச்சமாக இருந்தது. ஓரத்தில் நின்று குதிகாலால் ஃபின்னை மிதிக்க வழியில்லை. பின்கால் சும்மா இருந்தது. பாரமெல்லாம் முன்னால், பாய்மரத்தின் அடிக்குப் போனது. வால் வழுக்கப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். எதிர்க்கரை வந்துவிட்டது.

இரண்டாவது. மூன்றாவது. நாலாவது தடவை திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. நீள ஃபின் தண்ணீருக்குள் பலமாக எதிர்த்துத் தள்ளும். அதை அடக்க, ஓரத்தில், பின்னால் நின்று மிதிக்க வேண்டும். குட்டை ஃபின்னுக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதே மிதியை அதற்கும் கொடுத்தால் அது பாவம் என்ன செய்யும், பிடியை விட்டுவிடும். ஃபின் மாறினால் கால் வைக்கிற இடமும் மாற வேண்டும். பதினைந்து வருட அனுபவக்காரிக்கு இது தெரியவில்லை. ஏழுமலை புதன்கிழமையே சொல்லிவிட்டார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் டியூப்பில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "ஆறு!" "ஏழு!" கரையில் இருந்தவர்களும் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். ஒன்பதாவது தடவை பாசித் திட்டு ஒன்றின் நடுவே காற்று திடீரென்று இழுத்தது. பின்கால் பழைய வழக்கப்படி உதைக்கப் பார்த்தது. முழங்காலை மடக்கி அதைத் தடுத்தேன். வால் லேசாகச் சிலிர்த்து, மறுபடி பிடித்துக்கொண்டது. பத்தாவதில் காற்று பாதியாகிவிட்டது. கரையைத் தொட்டபோது தொடை இரண்டும் வெடவெடவென்று நடுங்கின.

தண்ணீர் சொட்டச் சொட்டப் போய் அத்தையைக் கட்டிக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"நான் கத்தினது தப்பு அத்தை. மன்னிச்சிடுங்க."

"பொடவ ஈரமாவுது, வுடு" என்றார். ஆனால் அவரும் விடவில்லை. "மணி நாலரை ஆவுது. தலைக்கு எண்ணெ வைக்கணும்" என்றார் அப்புறம்.

பெண் அழைப்புக்கு மண்டபம் போகிற வழியில் ஐஎஸ்டி பூத் ஒன்றில் இறங்கிக்கொண்டேன். உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பையன் அம்மாவிடம், "சாப்பிடுகிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன்" என்று திரும்பத் திரும்பச் சத்தியம் செய்துகொண்டிருந்தான். அவன் முடித்ததும் பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு கண்ணாடிக் கூண்டுக்குள் போனேன்.

"முடிகிறது. நான் போகிறேன்" என்றேன் கோச்சிடம்.

"நீ வாரம் முழுக்கப் போன் பண்ணவில்லை. பே லிங்கிடம் பெட்டி கட்டச் சொல்லிவிட்டேன். அவள் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்."

"என் இடம் அது. சனிக்கிழமைவரை என்றீர்கள். இன்றைக்குச் சனிக்கிழமை."

"சரி. அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்."

"வேண்டாம். நான் சொல்கிறேன். நம்பர் கொடுங்கள்."

ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. நம்பரைச் சுழற்றினேன். பே லிங்கே எடுத்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது. எனக்குப் பத்தொன்பது வயதில் இப்படி ஒரு போன் வந்திருந்தால் அந்த ஆளைச் சபித்திருப்பேன்.

"குட்டை ஃபின்னில் உங்களுக்கு வால் வழுக்குமே" என்றாள் கடைசியில். குத்திக்காட்டவில்லை. எனக்காகக் கவலைப்பட்டுத்தான் கேட்டாள்.

"இன்றைக்கு வழுக்கவில்லை. பத்துத் தடவை."

"எனக்கும் வழுக்குகிறது" என்றாள். "யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சரிசெய்தீர்கள்?"

அடுத்த வருடம் இதே இடத்துக்கு இவள்தான் எனக்குப் போட்டி. அது அந்தக் கூண்டுக்குள் நிற்கும்போதும் எனக்கு நன்றாகத் தெரியும். வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. அத்தை கண்ணாடியைத் தட்டி, வா என்று சைகை காட்டினார்.

"கால்பட்டை நாலையும் கழற்று" என்றேன். "கோச் வைத்த குறியைப் பார்க்காதே. ஓரத்தைவிட்டு உள் வரிசைக்குக் கொண்டுவா. பிறகு ஒரு துளை முன்னால். நீள ஃபின் போடுகிற நாளில் திரும்ப ஓரத்துக்கு, பின்னால் கொண்டுபோ. பின்காலை உதைக்காதே."

"இருங்கள், இருங்கள்" என்றாள். குரலில் அழுகை பாதி போயிருந்தது. "பலகை கூடத்தில்தான் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் எடுத்து வருகிறேன். போனை வைத்துவிடாதீர்கள்."

அத்தையிடம் ஒரு விரலைக் காட்டிவிட்டு, ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன்.